கொக்கின் கழுத்துவரை

கொக்கு மறுபடியும் கறுத்துப்போயிருந்தது. முந்தாநாள்தான் எலுமிச்சைத் தோலும் தேங்காய் நாருமாகப் போட்டுத் தேய்த்து, இடுப்பு கழன்று, மனசுக்குள் நாலு வசவும் விட்டு மயிலாத்தாள் அதைப் பழைய இரும்பு நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். இன்றைக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து வயிறு, இப்போது கழுத்தில் பாதிவரை ஏறிவிட்ட கறுப்போடு, அலகு வழியாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. துரு என்றால் அவளுக்குத் தெரியும், செம்மண் நிறத்தில் விரலில் பொடியாக வரும். பாசி என்றால் வழுக்கும். இது இரண்டிலும் சேர்த்தியில்லை. நீலமா கறுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். பள்ளிக்கூடத்தில் மைக்கூடு கவிழ்ந்து ஊறிப்போன பெஞ்சுப்பலகை இப்படித்தான் இருக்கும். அவள் பின்வாசல் சின்னக் குளத்தின் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து புடவையை முழங்கால்வரை சுருட்டிச் செருகிக்கொண்டு நாரை எடுத்தாள். பின்கதவு திறந்துகிடந்தது. உள்ளே அடுப்பில் மண்சட்டியில் வீட்டுக்காரருடைய கஷாயம் சின்னத் தீயில் முனகிக்கொண்டிருந்தது. எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவேண்டும். சுண்டுகிறவரைக்கும் அவளுக்கு வேறு வேலையில்லை. அவளையும் கொக்கையும் விட்டால் வீட்டில் ஆளுமில்லை. அவர் பம்பின்மேல் இருக்கும் இரும்புக் கிளிப்பு ஒன்றைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, இது என்ன கறுப்பு என்று கேட்டு வருவதற்காகத் தெருக்கோடி லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தார்.

போய்க் கேட்கட்டும். அவருக்கே தெரியாதது பட்டறையில் யாருக்குத் தெரியப்போகிறது. நாச்சிமுத்துவுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது ஒன்று உண்டு என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. மோட்டார் கம்பெனியில் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் தலை நரைக்கிறவரை நின்ற மனுஷன். வார்ப்படத்தை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, உள்ளே விரிசல் இருக்கிறது, தள்ளு என்பார். உடைத்துப் பார்த்தால் இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் முதுகிலும் ஒருநாள் அப்படித் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். அவள் அன்று பூராவும் சிரித்தாள். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது பவுண்டரி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து வார்த்துக் கொடுத்ததுதான் இந்தக் கொக்கு. உள்ளே குழாய் விட்டு, அலகின் நுனியில் பித்தளை மூக்கு வைத்து, தண்ணீர் வயிற்றிலிருந்து ஏறிக் கழுத்து வழியாகப் போய் வாயால் கொட்டுகிற மாதிரி ஏற்பாடு. அதை நிறுத்த ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அவர் குளம் வெட்டினார். அதுவும் எங்கே, அவளுடைய துணி துவைக்கிற கல் இருந்த இடத்தில். கல்லுக்காக அவள் பத்து நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கடைசியில் ஒரு காலையில் தண்ணீர் விட்டு மோட்டாரைப் போட்டார். அலகிலிருந்து ஒரு கோடு வளைந்து விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

நார் வழுக்கி விரல் இரும்பில் உரசியது. விரல்நுனி நீலமாகிவிட்டது. இதையும் பார்த்தால் நங்கையா என்ன சொல்வாளோ. நங்கையா என்பது அவருடைய அக்கா, கண்ணம்மாள். போன வாரம் வந்தவள் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். "இரும்பு கறுத்தா ஆகாது மயிலு, ஊட்டு ஆம்பளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸேறிப் போய்விட்டாள். சொன்னவளுக்கு அன்றைக்கே மறந்திருக்கும். கேட்டவளுக்கு மறக்குமா. அவரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் கணக்கே வேறு. முதலில் போர்த்தண்ணீர் கெட்டுவிட்டது என்றார். தண்ணீர் கேன் போடுகிறவனிடம் கருவி வாங்கித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை. அப்புறம் மோட்டாரிலிருந்து கரண்டு கசிகிறது என்று ஒயரெல்லாம் மாற்றினார். கறுப்பு நிற்கவில்லை. பித்தளை மூக்கில் ஒரு பொட்டுக்கூட ஏறவில்லையே, அது ஏன் என்று சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குப் பெரிய குடைச்சல். அல்லிக்கிழங்குத் தொட்டியைக் கட்டிய சங்கிலி கறுப்பு, பம்பின்மேல் வைத்த கம்பிவலை கறுப்பு, கொக்கு கறுப்பு, பித்தளை மட்டும் பொன்னாக மின்னுகிறது. சாப்பிடும்போது கேட்டார் என்றால், சாப்பிடாமல் கேட்டார் என்று சொல்லவேண்டும். தட்டில் சோறு அப்படியே இருக்கும், பேச்சு நடக்கும், அவளுக்கு டிவியில் நாடகம் தொடங்கிவிடும், எழுந்து போய்விடுவாள். திரும்பி வந்தால் தட்டு காலியாக இருக்கும். நாய்க்கு வைத்தாரோ என்னவோ. நமக்கு ஏது நாய். அடுத்த வீட்டு நாய் இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து வேலியோரம் உட்கார்ந்துகொள்கிறது. கொழுத்துவிட்டது அது. வாலை ஆட்டுவதற்குக்கூடச் சோம்பல். அவள் ஏன் நாயைப் பற்றி நினைக்கிறாள். கொக்கின் முழங்காலைத் தேய்க்கவேண்டும்.

கறுப்பு ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. பவுண்டரியிலிருந்து அவர் வந்து குளிக்கிற தண்ணீர் சாக்கடைவரை மையாக ஓடும். கைக்குட்டை கறுப்பு, தலையணை உறை கறுப்பு, காறித் துப்பினால் அதுவும் கறுப்பு. வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருப்பது அவளுக்கு ஒரு வைராக்கியமாக இருந்தது. அந்தக் கல்லில்தான் அடித்து அடித்து வெளுத்தாள். இப்போது அவர் தொண்டை கரகரப்பதற்கும் வார்ப்பு அச்சுக்குப் பிடிக்கிற அந்தக் கறுப்பு மண்தான் காரணம் என்கிறார். உள்ளே தங்கின பவுண்டரி மண்ணு மயிலு, இத்தனை வருசம் கழிச்சு வாடகை கேக்குது. ஆசுபத்திரிக்குப் போகலாங்க என்றால், மண்ணுக்கு எவன் வைத்தியம் பண்ணுவான் என்று சிரிப்பார். சிரிப்புச் சத்தம் வராது, காற்று மட்டும் வரும். சரி, ஆசுபத்திரிக்கு வராத மனுஷனைக் கஷாயத்தாலாவது கட்டிப்போடுவோம் என்றுதான் அவள் தொடங்கினாள். கடுக்காய், சுக்கு, திப்பிலி, ஆடாதோடை. அம்மா சொல்லிக்கொடுத்த அளவு, அம்மா சொல்லிக்கொடுத்த மண்சட்டி, மரக்கரண்டி. காலையில் ஒரு டம்ளர், பொழுதோட ஒரு டம்ளர். முகம் சுளிப்பார் என்று நினைத்தாள். சுளிக்கவில்லை. குளத்தோரம் காத்தாட நின்னு குடிக்கறேன் என்று வாங்கிக்கொண்டு போய், செம்பருத்திச் செடிக்கு அந்தப் பக்கம் நின்று குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவியே கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன் டம்ளர் கழுவுகிறார். அவள் மகளிடம் போனில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். உங்கப்பன் திருந்திட்டாரு புள்ள. மகள், பார்த்தும்மா, ஏதாச்சும் ஆகப்போகுது என்று கேலி செய்தாள். எதற்கு அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செம்பருத்தியின் இலைகள் நடுவே இறங்கிய வெளிச்சம் தண்ணீருக்குள் போய் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்ச நாளாகத் தெளிவாக இல்லை, பால் விடாத டீயின் நிறம். அல்லி இலை அழுகியதால் என்றார் அவர். அதற்குள் சிவப்பு மீன்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய் வந்தன, அவசரமே இல்லாமல். அவற்றுக்கு எந்தக் கறுப்பும் ஒரு பொருட்டில்லை. அவள் நாரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் சொருகியது. தண்ணீர் விழுகிற சத்தமும் அடுப்பின் முனகலும் ஒன்றாகிவிட்டன. தான் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதாகவும் கொக்கு மேலிருந்து தன்னைக் குனிந்து பார்ப்பதாகவும் இருந்தது. கொக்கு ஏதோ சொல்ல வருகிறது, கழுத்து அசைகிறது, உள்ளே எதுவோ மாட்டிக்கொண்டிருக்கிறது, மீனா, முள்ளா, சத்தம் வரவில்லை. அப்புறம் அது கொக்கில்லை, அவருடைய அண்ணன், பெரியவர். ஆசுபத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார், கண்ணால் பேசுகிறார், ஒரு வாய்த் தண்ணீர் வேண்டும் என்று விரலைக் காட்டுகிறார், கொடுக்கக்கூடாது என்கிறாள் நர்ஸ். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாச்சிமுத்து சுவரைத் தட்டிக்கொண்டு நிற்கிறார், விரல்முட்டியால், மெதுவாக, விரிசல் எங்கே இருக்கிறதென்று தேடுகிற மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எனக்கு இப்படி ஒண்ணு வந்தா யாருக்கும் சொல்லமாட்டேன் மயிலு, குழாய் சொருகவும் விடமாட்டேன் என்றார். வாயக் கழுவுங்க என்று அவள் அதட்டினாள். அதட்டியதோடு சரி, இருவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். எதற்காக இப்போது பெரியவர். அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று. சட்டி மூடி கடகடவென்று ஆடியது. கஷாயம் பொங்குகிறது.

ஓடினாள். ஈரக்காலோடு வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு போய் மூடியைத் திறந்தாள். மரக்கரண்டியைக் காணோம். காலையில் களி கிண்டிவிட்டு ஊறப்போட்டது, சிங்கில் தட்டுகளுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. களி. அவர் இப்போதெல்லாம் களிதான் கேட்கிறார், அதையும் தண்ணியாக, கூழாக. அரிசியும்பருப்புச் சோறு ஆக்கினால் இன்னும் கொழையட்டும் என்கிறார். முறுக்கை அணிலுக்கு வைக்கிறார். வயசாயிடுச்சு, பல்லு என்றார். பல்லெல்லாம் அப்படியே இருக்கிறதே. கைக்குக் கிடைத்தது தாளிக்கிற இரும்புக் கரண்டிதான். அதை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். நுரை அடங்கியது. கரண்டியை எடுத்து அடுப்புத் திண்டின்மேல் வைத்துவிட்டுத் தீயைக் குறைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கரண்டி கஷாயத்தில் முங்கிய இடம்வரைக்கும் நீலமா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு மாறியிருந்தது. சொட்டியிருந்த துளி வெள்ளைத் திண்டில் மைப்பொட்டாக நின்றது. அவள் தன் விரலைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். கடுக்காய் போட்டது எதையும் இரும்பில் காட்டாதே என்று அம்மா சொல்வாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. சொன்னபடி செய்துவந்தாள், அவ்வளவுதான்.

அவள் அப்படியே நின்றாள். முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். இத்தனை நாள் இடித்து, சலித்து, அடுப்படியில் காத்துக்கிடந்து, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைத்து, எல்லாம் கொக்கின் காலடிக்கா. டம்ளர் கழுவினாராம், டம்ளர். உங்கப்பன் திருந்திட்டாரு. பாவி மனுஷன், பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைப்பதற்கென்ன. சொல்லியிருப்பாரே. இந்தக் குழம்பில் உப்பு இல்லை என்று விருந்தாளி முன்னால் சொல்கிற ஆள், கஷாயம் பிடிக்கவில்லை என்றா சொல்லமாட்டார். பிடிக்காமல் ஊற்றவில்லை. அப்புறம் ஏன். அந்த ஏன் என்பதன் பக்கத்தில் போனதும் மனசு கால் இடறி நின்றது. திரும்பிப் போய்ப் பித்தளையைப் பிடித்துக்கொண்டது. பித்தளையில் ஏறாது, சரிதான், கடுக்காய்க்கு இரும்புதான் ஆகாது. அதனால்தான் மூக்கு மட்டும் மின்னுகிறது. பாவம், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரும்பு தெரியும், அடுப்படி தெரியாது. தானே ஊற்றிவிட்டுத் தானே பட்டறை பட்டறையாய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவில் திப்பிலி நினைவு வந்தது. திப்பிலி, சுக்கு, இரண்டும் இறங்குகிற வழியெல்லாம் எரியும். தொண்டை நன்றாக இருக்கிறவனுக்கே எரியும். கூழ், குழைந்த சோறு, அணிலுக்கு முறுக்கு, வேலியோரம் கொழுத்த நாய், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், தளர்ந்துபோன சட்டைக் காலர், சத்தம் வராத சிரிப்பு. எல்லாம் அவள் கண்முன்னால் நடந்தது. ஒன்றுவிடாமல் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரால் விழுங்க முடியவில்லை. அவள் அதை வாய்விட்டே சொன்னாள், காலி அடுப்படியில். பயம், வேறொன்றுமில்லை, வெறும் பயம். அடுப்பை அணைத்தாள். கை பழக்கத்தில் டம்ளரை எடுத்து வடிகட்டி வைத்து ஊற்றியது.

கேட் சத்தம் கேட்டது. அவர் பின்பக்கமாகவே வந்தார், கையில் காகிதப் பொட்டலத்தோடு. "பட்டறையில ஒருத்தனுக்கும் புடிபடல மயிலு" என்றார் அந்தக் காற்றுக் குரலில். "ஆசிட்டுங்கறான் ஒருத்தன், இல்லீங்கறான் இன்னொருத்தன். என்ர சர்வீசுல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல." அவள் டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டு வழக்கம்போலச் செம்பருத்திக்கு அந்தப் பக்கம் போனார். மற்ற நாளாயிருந்தால் அவள் உள்ளே போயிருப்பாள். இன்று பின்னாலேயே போய்க் குளத்தின் கட்டையில் உட்கார்ந்தாள். அவர் டம்ளரும் கையுமாக நின்றார்.

"நீ போயி வேலையப் பாரு. சூடு ஆறட்டும், குடிச்சுக்கறேன்."

"பரவால்லீங்க. குடியுங்க. நான் சும்மாதான இருக்கறேன்."

அவர் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காகவே கொண்டுபோனார். கழுத்தில் அந்த எலும்பு மேலே ஏறியது, அங்கேயே நின்றது, இறங்கவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. தனக்காக அவர் அதைக் குடித்தே விடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து டம்ளரைப் பிடுங்கி, கொக்கின் காலில் அவளே ஊற்றினாள்.

"கடுக்காயுங்க" என்றாள். "இரும்புல பட்டாக் கறுத்துப்போயிரும்."

அவர் கொக்கைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கிளிப்பைப் பார்த்தார். பித்தளை மூக்கைப் பார்த்தார். முகம் தெளிந்தது. எத்தனையோ வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது விடிந்துவிட்ட சந்தோஷம், சின்னப் பையனுடையது போன்ற சந்தோஷம். "அடடே" என்றார். "அதான் பித்தளையில ஏறல. கடுக்காயா. கரண்டு கசியுதுன்னு ஒயரப் பூரா மாத்தினனே." தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான் தான் என்ன ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தலை ஆட்டம் நின்றது. கை மெல்ல மேலே போய்ச் சட்டைக் காலரைத் தொட்டது.

"எத்தன நாளாங்க முழுங்க முடியல?"

அலகிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. "குண்டத்துக்கு முன்னாடி இருந்தே" என்றார். கோயிலில் தீ மிதிக்கிற குண்டம் முடிந்து மழையும் வந்து போய்விட்டது. "அண்ணனுக்கும் இப்படித்தான மயிலு ஆரம்பிச்சுது. உனக்கு எப்படிச் சொல்றது. சொன்னா அன்னையிலிருந்து நீ என்னைப் பாக்கற பார்வை மாறிரும்."

அவளுக்கு அழவேண்டும் போலிருந்தது. அழுதால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். "உங்க அண்ணன் ஆசுபத்திரிக்குக் கடைசியிலதானுங்க போனாரு. எல்லாம் முத்தி, ஊரே சொன்னப்பறம். நீங்க இன்னைக்குப் போறீங்க. மண்ணா, வேற எதுவான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும்." அவர் வாயைத் திறந்தார், அவள் விடவில்லை. "குழாயப் பத்தி இப்பப் பேசாதீங்க. அத அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் குனிந்து, பழக்கதோஷத்தில், அவள் கையிலிருந்து காலி டம்ளரை வாங்கிக் குளத்தில் முக்கிக் கழுவினார். நிமிர்ந்து, பாதிக் கழுத்துவரை கறுத்து நிற்கிற கொக்கை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்க்கவில்லை. "இதை இப்படியே உட்டுட்டா போறது?" என்று கேட்டார்.

"சட்டைய மாத்துங்க. கொக்க வந்து தேச்சுக்கலாம்" என்றாள் மயிலாத்தாள்.